கூடுதல் ஒரு மணிநேரத்துக்கு யாரைப் பார்க்க வேண்டும்?

அக்கா மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்ததிலிருந்து சொந்தக்காரர்கள் ஒரே கேள்வியைத்தான் ஆளுக்கொரு விதமாகக் கேட்கிறார்கள். "அவ வாங்கின கட்ஆஃபுக்கு இன்னும் நல்ல காலேஜே கிடைச்சிருக்குமே, ஏன் இதைப் போட்டீங்க?" கிடைத்திருக்கும்தான். ஒன்றல்ல, நான்கைந்து கிடைத்திருக்கும். அவற்றைப் பட்டியலில் கீழே தள்ளியது அவளேதான். அவளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு, இருப்பது கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டு, "பாவம், அதனாலதான் பயந்துட்டா" என்று முடித்துவிடுகிறார்கள். அந்தப் 'பாவம்' என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டில் இதுவரை எத்தனையோ பேர் கல்லூரி சேர்ந்திருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான், கல்லூரிப் பேருந்து தெரு முனைக்கு வருகிறது, இப்படித்தான் எங்கள் காரணங்கள் இருந்தன. அவள் அளவுக்கு விசாரித்து யாரும் சேரவில்லை.

குடும்பத்தில் படிவம் நிரப்புவது என் வேலை. கணினி முன்னால் உட்கார்ந்து சம்பாதிப்பவள் என்பதால் பாஸ்போர்ட், வருமானச் சான்றிதழ், காப்பீடு எல்லாம் என் தலையில்தான் விழும். அதனால் அவள் பிளஸ் டூ முடித்ததும் சான்றிதழ்கள் இருந்த கோப்பை அக்கா நேராக என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

டிஸ்லெக்சியா என்றால் எழுத்துகள் தலைகீழாகத் தெரியும், காகிதத்தில் நடனமாடும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் விஷயத்தில் அப்படியெல்லாம் இல்லை. படிப்பது மெதுவாக நடக்கிறது, எழுதுவது அதைவிட மெதுவாக. நாம் ஒரு பத்தியை முடிக்கும் நேரத்தில் அவள் மூன்று வரி தாண்டியிருப்பாள், அந்த மூன்று வரிக்கே களைத்தும் போயிருப்பாள். நீளமான எண்ணைப் பார்த்து எழுதும்போது நடுவில் இரண்டு இலக்கம் இடம் மாறும். அதே பிள்ளையிடம் மின்னோட்டத்தைப் பற்றி வாயால் சொல்லிப்பாருங்கள். சொல்லி முடிப்பதற்குள் நமக்கே பதில் தெரியாத ஒரு கேள்வியைக் கேட்பாள். நான்காம் வகுப்பில் ஒரு ஆசிரியை இதைக் கவனித்துச் சொன்னதால் சான்றிதழ், சிறப்பாசிரியர், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று எல்லாம் ஒழுங்காக நடந்தன. அவள் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பள்ளியில் அதற்கென்று ஒருவர் இருந்தார், அவர் பார்த்துக்கொண்டார்.

விண்ணப்பமும் ஒரு பரீட்சைதான்

இணையத்தில் விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. மூன்று மணிநேரத் தேர்வுக்கு மணிக்கு இருபது நிமிடம் வீதம் கூடுதல் நேரம் கொடுக்கச் சொல்லும் அதே அமைப்பு, அந்தத் தேர்வுக்குப் பிறகு வரும் படிவத்துக்கு எதையும் கொடுப்பதில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுபோலவே எழுத்துப் பிசகாமல் பெயர், இனிஷியல் முன்னாலா பின்னாலா, நீளமான சான்றிதழ் எண்கள், சில நிமிடங்களில் செத்துப்போகும் ஓடிபி, அப்புறம் அந்தக் கேப்ச்சா. வளைந்து நெளிந்த எழுத்துகளைப் படித்துத் திரும்ப எழுதிக்காட்டி நீ மனிதன்தான் என்று நிரூபி என்கிறது. டிஸ்லெக்சியா உள்ளவரை வம்புக்கு இழுக்க இதைவிட நல்ல கருவியை யாரும் வேண்டுமென்றே செய்திருக்க முடியாது.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது என்பது அவளைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக இருநூறுக்குக் கட்ஆஃப். ஆனால் தேர்வு இல்லை என்ற நிம்மதி, கல்லூரிகளை விருப்ப வரிசையில் அடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங் பக்கம் திறக்கும் வரைதான். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் இரண்டு எழுத்துக் குறியீடு. நாம் அடுக்கும் வரிசைதான் விதி. கணினி மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, நம் தரவரிசைக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடத்தைக் கொடுத்துவிடும். ஓர் இலக்கம் இடம் மாறினால் பெயரே கேள்விப்படாத ஊரின் கல்லூரி பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கண் நன்றாக ஓடுபவர்களே இதில் தடுமாறுகிறார்கள்.

இதனால் என்ன ஆகிறது? வீட்டில் இருப்பவர்கள் வாங்கிச் செய்துவிடுகிறோம். கடைசித் தேதி நெருங்கும்போது யாருக்கும் பொறுமை இருக்காது. "நீ நகரு, நான் போடறேன்." கையெழுத்து மட்டும் பிள்ளையுடையது. இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. பள்ளி வரைக்கும் ஏற்பாடுகள் பிள்ளையைத் தேடி வரும். கல்லூரியில் பிள்ளைதான் ஏற்பாட்டைத் தேடிப் போக வேண்டும். யாரிடம் போவது, என்ன கடிதம், எந்தத் தேதிக்குள் என்று பதினெட்டு வயதில் முதல்முறையாகத் தனியாக நின்று கேட்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல ஒத்திகை இந்த விண்ணப்பக் காலம். அந்த ஒத்திகையை நாம் பிடுங்கிக்கொள்கிறோம்.

நாற்பது என்ற எண்

அவளுடைய சான்றிதழில் இருந்த குறைபாட்டுச் சதவீதம் நாற்பதுக்குக் கீழே. இதை வைத்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், "அதான் நாப்பது இல்லையே, கோட்டாவும் கிடையாது. அப்புறம் எதுக்கு எல்லா இடத்துலயும் சொல்லிக்கிட்டு? மார்க் இருக்கு, சத்தமில்லாம போய்ச் சேர்ந்துடலாம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெண் பிள்ளை, நாளைக்கு வேலை, கல்யாணம் என்று அவருக்கு ஆயிரம் கணக்கு.

சட்டத்தைப் பிடித்துக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கற்றல் குறைபாடு என்ற பேச்சே இல்லை. அதில் இருந்தவை ஏழு வகைக் குறைபாடுகள். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை இருபத்தொன்றாக்கியபோதுதான் டிஸ்லெக்சியா, எழுதுவதில் சிரமம் தரும் டிஸ்கிராஃபியா, கணக்கில் சிரமம் தரும் டிஸ்கால்குலியா எல்லாம் உள்ளே வந்தன. அந்தச் சட்டம் இரண்டு தனித்தனி விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து சதவீதத்துக்குக் குறையாத இடஒதுக்கீடு. இது நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. இன்னொன்று, கூடுதல் நேரம், எழுதித்தர ஸ்க்ரைப், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு மாதிரியான ஏற்பாடுகள். ஊரில் எல்லோரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கூடுதல் நேரம் கேட்டாலே "கோட்டாவா?" என்கிறார்கள்.

நாற்பதுக்குக் கீழே இருந்தால் இரண்டாவதும் கிடையாது என்றுதான் தேர்வு நடத்துபவர்களும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குடிமைப் பணித் தேர்வு எழுத வந்த விகாஷ் குமார் என்பவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை. சதவீத வரம்பைக் காட்டி ஸ்க்ரைப் மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்த வரம்பு இடஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான், எழுத உதவி கேட்பவர் அதைத் தாண்டியிருக்க வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் நாற்பதுக்குக் கீழே இருந்து எழுதுவதில் சிரமப்படுபவர்களுக்கென்றே தனி வழிகாட்டுதல் வந்தது. அந்த நாற்பதின் மீது எனக்கு ஏற்கனவே பெரிய மரியாதை கிடையாது. மருத்துவப் படிப்புச் சேர்க்கைக்கான 2019-ஆம் ஆண்டு விதிகளில், கற்றல் குறைபாட்டின் தீவிரத்தை அளக்க அளவுகோல் எதுவும் இல்லை, அதனால் நாற்பது என்ற வரம்பு போதிய ஆதாரமின்றி வைக்கப்பட்டதுதான் என்று விதியை எழுதியவர்களே அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். படித்தபோது சிரிப்புதான் வந்தது. ஒரு பிள்ளையின் படிப்பை நிர்ணயிக்கும் எண்ணுக்கு இப்படி ஒரு அடிக்குறிப்பு.

வயது விவகாரமும் இருக்கிறது. 2018-இல் அரசிதழில் வெளியான வழிகாட்டுதல்படி கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழை எட்டு வயதுக்கு மேல்தான் தருவார்கள். பதினான்கு வயதில் ஒருமுறை, பதினெட்டு வயதில் ஒருமுறை மறுபடி பரிசோதிக்க வேண்டும். பதினெட்டில் வாங்குவது ஆயுளுக்கும் செல்லும். சரி, கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வயது என்ன? பதினேழு. ஆக, கையில் இருப்பது பதினான்கு வயதுச் சான்றிதழ். அதை நீட்டினால் "பழசா இருக்கே" என்பார்கள். புதிது வாங்கப் போனால் "பதினெட்டு ஆகட்டும்" என்பார்கள். இந்த இடுக்கில் மாட்டிக்கொள்ளாதவர்கள் பாக்கியசாலிகள்.

இந்தச் சட்டக் கதைகளை நான் சாப்பாட்டு மேஜையில் மாமாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு வழக்கையும் சொன்னேன். 2021-இல் நீட் தேர்வு எழுதிய, டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவியின் வழக்கு. அந்த மாணவிக்கு நாற்பது சதவீதச் சான்றிதழ் இருந்தது. ஒரு மணிநேரம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். தேர்வு மையத்தில் அதைக் கொடுக்காமல் மற்றவர்களோடு சேர்த்து விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனது. நடந்தது அநியாயம் என்று நீதிமன்றம் சொன்னது, பரிகாரம் யோசிக்கச் சொன்னது, மையங்களில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை.

மாமாவுக்கு நான் சட்டத்தின் பலத்தைக் காட்டுவதாக நினைப்பு எனக்கு. அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்ப சட்டம் இருந்துச்சு, சர்ட்டிஃபிகேட்டும் இருந்துச்சு. ஹால்ல நின்ன ஆளுக்குத் தெரியல. அவ்வளவுதானே சித்தி?" என்றாள்.

அவ்வளவுதான் என்றேன்.

"அப்ப எந்தக் காலேஜ்ல அந்த ஆளுக்குத் தெரியும்னு பார்க்கணும்."

மாமா முகத்தைப் பார்த்தேன். அவர் பதில் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு மாதமாக நாங்கள் மூன்று பெரியவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தது சொல்லலாமா, மறைக்கலாமா என்பதைத்தான். அவளுக்கு அது கேள்வியாகவே இருக்கவில்லை. சொல்லத்தான் போகிறாள். சொன்னால் யாருக்குப் புரியும் என்பதுதான் அவளுடைய கேள்வி.

தொலைபேசி

அடுத்த வாரம் முழுக்க அவள் போன் செய்தாள். நானும் அக்காவும் பேசக் கூடாது என்று கண்டிப்பு. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, எதிர்முனையில் எடுப்பவர் யாராக இருந்தாலும் ஒரே கேள்வி: "சார், எனக்கு டிஸ்லெக்சியா இருக்கு. செமஸ்டர் எக்ஸாம்ல ஒரு மணிநேரம் கூடுதலா எழுதணும். அதுக்கு உங்க காலேஜ்ல யாரைப் பார்க்கணும்?"

விதவிதமான பதில்கள். பெரிய பெயர் உள்ள ஒரு கல்லூரியில், "அந்த மாதிரிப் பசங்க யாரும் எங்ககிட்ட இல்லம்மா, நீங்க பயப்படாம வரலாம்" என்றார் ஒருவர். எங்கள் மீது உள்ள கனிவில்தான் சொன்னார். போனை வைத்ததும் அவள் சிரித்துவிட்டாள். ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் 'அந்த மாதிரி' ஒருவர்கூட இல்லை என்றால், இருப்பவர்கள் வாயைத் திறக்கவில்லை என்று அர்த்தம். இன்னோர் இடத்தில் "மொதல்ல அட்மிஷன் போடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்." ஓரிடத்தில் அந்தப் பெயரையே காதில் வாங்காமல், "டிஸ்கவுண்ட் எல்லாம் பிரின்சிபால்தான் முடிவு பண்ணணும்" என்றார்கள். வேறொரு கல்லூரியில் ஒரு அம்மா நீளமாக, பாசமாகப் பேசினார். அவருடைய சொந்தக்காரப் பையனுக்கும் இப்படித்தானாம், இப்போது சரியாகிவிட்டதாம், இன்னின்ன பயிற்சி செய்யச் சொன்னார். கேட்ட கேள்விக்கு மட்டும் கடைசி வரை பதில் வரவில்லை.

போன் செய்யச் செய்ய அவளுடைய கேள்விகளும் கூர்மையாகிக்கொண்டே போயின. முதல் நாள் அவளுக்குத் தெரியாத ஒன்று மூன்றாம் நாள் தெரிந்திருந்தது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் செமஸ்டர் தேர்வை அவர்களே நடத்துகிறார்கள், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அந்த வளாகத்திலேயே உட்கார்ந்திருப்பார், அவரிடம் அனுமதி வாங்கினால் போதும். இணைப்புக் கல்லூரி என்றால் தேர்வு பல்கலைக்கழகத்தினுடையது, கல்லூரி வழியாகக் கடிதம் போய்த் திரும்பி வர வேண்டும், ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் வந்து சேரும் என்று உத்தரவாதம் இல்லை. இதைச் சொல்லித்தந்தது இணையதளம் எதுவும் இல்லை. ஒரு கல்லூரியின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு எழுத்தர்தான் பொறுமையாக விளக்கினார். பருவத்தேர்வு மட்டும் போதாது, உள்மதிப்பீட்டுத் தேர்வுகளை வகுப்பு ஆசிரியர்களே நடத்துவார்கள், அங்கேதான் பிரச்சினை வரும், அதனால் கடிதத்தின் நகலைத் துறைத் தலைவருக்கும் சேர்த்துக் கொடு என்றும் அவர்தான் சொன்னார்.

அந்த எழுத்தர் இருந்த கல்லூரிதான் இப்போது அவள் படிக்கும் கல்லூரி. அவள் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே அவர் பதிலை ஆரம்பித்துவிட்டார். எக்ஸாம் செல்லில் யாரைப் பார்க்க வேண்டும், என்ன சான்றிதழ், செமஸ்டர் தொடங்கி எந்த வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், தனி அறை எங்கே, போன வருடம் எத்தனை பேர் அப்படி எழுதினார்கள், எல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. "ஸ்க்ரைப் வேணுமா, நேரம் மட்டும் போதுமா?" என்று திருப்பிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவளுக்கு ஸ்க்ரைப் வேண்டாம். பள்ளித் தேர்வில் ஒருமுறை வைத்துப் பார்த்திருக்கிறாள். சமன்பாட்டில் வர்க்கமூலக் குறி எதுவரை நீள்கிறது என்பதை இன்னொருவருக்கு வாயால் சொல்லி முடிப்பதற்குள் நானே எழுதிவிடுவேன் என்பாள். இந்த வித்தியாசம் தெரிந்து கேட்கிற ஒருவர் அந்தப் பக்கம் இருக்கிறார் என்பது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

சாய்ஸ் ஃபில்லிங் அன்று நான் திரையைப் படித்தேன், அவள் சொன்னாள், நான் ஏற்றினேன். எண்களை மட்டும் ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். அந்தக் கல்லூரி முதல் இடத்துக்குப் போனது. 'அந்த மாதிரி யாரும் இல்லாத' பெரிய கல்லூரி ஒன்பதாவதோ பத்தாவதோ போனது. மாமா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பிளேஸ்மெண்ட் எப்படின்னு பார்த்தியா?" என்று ஒரே ஒரு கேள்வி. பார்த்துவிட்டேன் என்றாள். "அங்க சேர்ந்து அரியர் வெச்சா பிளேஸ்மெண்ட்ல உட்காரவே விட மாட்டாங்கப்பா." அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஒத்துக்கொண்டார் என்று நான் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் அந்தப் பெரிய கல்லூரியின் பேருந்தைப் பார்த்தால் அவர் கண் போகும்.

பூஜ்யம் போடுங்க

பொறியியல் கிடைக்காவிட்டால் என்ற பயத்தில் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இயற்பியல் கேட்டு விண்ணப்பித்திருந்தோம். அந்த அனுபவத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு கல்லூரியின் படிவம் தமிழ் மதிப்பெண் போடாமல் அடுத்த பக்கத்துக்கே போக மறுத்தது. அவளுக்குத் தமிழ்ப் பாடத்திலிருந்து விலக்கு, மதிப்பெண் என்று ஒன்று இல்லை. உதவி எண்ணில் கேட்டோம். "பூஜ்யம் போடுங்க." போட்டோம். நீங்கள் பிளஸ் டூ தேர்ச்சி பெறவில்லை, விண்ணப்பிக்கத் தகுதியில்லை என்று சிவப்பில் வந்தது. மறுபடி கேட்டால், சிஸ்டம் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள்.

அதைவிட முக்கியமான சிக்கல் சேர்ந்த பிறகு வரும். இங்கே பி.ஏ., பி.எஸ்சி. படிப்புகளில் பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறொரு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம். பள்ளியில் தமிழிலிருந்து விலக்கு வாங்கிய பிள்ளை கல்லூரியில் பகுதி ஒன்றில் போய் நேராக முட்டிக்கொள்ளும். விலக்கு உண்டா, வேறு தாள் உண்டா, யார் அனுமதிக்க வேண்டும் என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அதேபோல டிஸ்கால்குலியா உள்ள பிள்ளைகளுக்குக் கணிதத்தை விட்டுவிடலாம் என்று பத்தாம் வகுப்பு முடிந்ததும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது எந்தெந்தக் கதவுகளை மூடுகிறது என்று அந்த நேரத்தில் யாரும் சொல்வதில்லை.

"தமிழையா விட்டுட்டா?" என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அவள் தமிழை விடவில்லை. ஒலிவடிவில் கிடைக்கும் நாவல்களாகக் கேட்டுத் தள்ளுகிறாள், என்னைவிட அதிகம். எழுதுவதில்தான் தகராறு. 'கொ' என்று எழுத ஒரு குறியை எழுத்துக்கு முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் போட வேண்டும், ஆனால் உச்சரிக்கும்போது மெய் முதலில் வருகிறது. நமக்கு இது பழகிவிட்டதால் விசித்திரமாகத் தோன்றுவதில்லை. அப்புறம் ர, ற, ல, ள, ழ. ஒவ்வொரு சொல்லிலும் நின்று யோசிப்பவளுக்கு ஐந்து மதிப்பெண் கட்டுரை ஒரு மாலைப்பொழுதை விழுங்கும்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு இன்னொரு பிள்ளை நினைவுக்கு வராமல் இல்லை. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவின் மகன், தமிழ்வழி அரசுப் பள்ளியில் படித்தவன். ஏழாம் வகுப்பு வரை பாடப்புத்தகத்தில் ஒரு வரியைச் சரளமாக வாசித்ததில்லை. மிக்ஸியைப் பிரித்து மாட்டுவான். அவனுக்கு யாரும் எந்தப் பெயரும் வைக்கவில்லை, 'மக்கு' என்பதைத் தவிர. அவனைப் பரிசோதிக்க முயன்றாலும் எந்தக் கருவியை வைத்துப் பரிசோதிப்பது? இந்திய மொழிகளுக்கென்றே தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய டிஸ்லெக்சியா சோதனைத் தொகுப்பு 2015-இல் வந்தபோது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில்தான் வந்தது. ஆங்கிலத்தில் தடுமாறும் ஆங்கிலவழிப் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும். தமிழில் தடுமாறும் தமிழ்வழிப் பிள்ளைக்கு 'ஆங்கிலம் வராது, அதுதான்' என்று சொல்லி அனுப்பிவிடலாம். அவன் பத்தாம் வகுப்போடு நின்று பட்டறைக்குப் போய்விட்டான். கல்லூரி விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று நாங்கள் ஒரு மாதம் சண்டை போட்டதே ஒரு வசதிதான்.

சேர்ந்த பிறகு

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பருவத்தேர்வுக்கான அனுமதி எழுத்தர் சொன்ன வழியிலேயே கிடைத்தது. உள்மதிப்பீட்டுத் தேர்வில் அவர் எச்சரித்ததும் அப்படியே நடந்தது. ஒரு ஆசிரியர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "பார்த்தா நல்லாத்தானே இருக்க?" என்றாராம். அவள் அதற்கு வாதாடவில்லை. துறைத் தலைவரிடம் கொடுத்த நகலில் வாங்கிய கையெழுத்தைக் காட்டியிருக்கிறாள், கதை முடிந்தது. ஆய்வக ரெக்கார்டு எழுதுவது இன்னமும் தொல்லைதான். தட்டச்சு செய்து கொடுக்க அனுமதி கேட்டிருக்கிறாள், இதுவரை பதில் இல்லை. வகுப்பில் இரண்டு பேர் அவளிடம் தனியாக வந்து, தங்களுக்கும் இப்படி இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை, எங்கே போய்ச் சொல்வது என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவரிடம் சான்றிதழே இருக்கிறது, அப்பா வெளியே காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

மாமாவை நினைத்துக்கொண்டேன். அவர் தரப்பை நான் இன்னும் முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை. கல்லூரியில் சொல்வது ஒன்று, வேலைக்குப் போகும் இடத்தில் சொல்வது வேறொன்று. நாளைக்கு ஒரு நிறுவனத்தின் படிவத்தில் அதே கேள்வி வரும்போது, 'ஆம்' என்று போட்டால் அந்தப் பக்கம் இருப்பவர் அதை எப்படிப் படிப்பார் என்று யாருக்குத் தெரியும்? சட்டம் பாகுபாடு கூடாது என்கிறது. ஹாலில் நின்ற ஆளுக்கும் சட்டம் ஏதோ சொல்லித்தான் இருந்தது. இந்த இடத்தில் என்னிடம் அவளுக்குக் கொடுக்கத் தயாராகப் பதில் எதுவும் இல்லை. அவளும் கேட்கவில்லை.

இப்போது அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஆயுளுக்கும் செல்லும் அந்தக் கடைசிச் சான்றிதழுக்கு மருத்துவக் குழுவைப் பார்க்க வேண்டும். மாமா, "நேரந்தான் கிடைச்சிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்று ஆரம்பித்தார். இந்த முறையாவது நாற்பதைத் தாண்டட்டும் என்று அக்காவுக்கு ஆசை, தாண்டக் கூடாது என்று அவருக்கு ஆசை. இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் மருத்துவமனைக்குப் போன் போட்டு, எந்தக் கிழமை வர வேண்டும், அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமையாம். வகுப்புக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள்.